புகைபோக்கியில் போகும் உஷ்ணமும் கரியமில வாயு யந்திரமும்

கள்ளக்குறிச்சி நகரைச் சுற்றி நெல் அவிக்கும் ஆலைகள் நிறைய இருக்கின்றன என்பது நம் அங்கத்தினர்களுக்குப் புதிய செய்தி அன்று. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. சின்னசேலத்தைத் தாண்டி ஆத்தூர்ப் பக்கம் போனால் ஜவ்வரிசி ஆலைகள். இவை ஒவ்வொன்றிலும் பாய்லரோ அடுப்போ எரிகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு புகைபோக்கி நிற்கிறது. உமியும் சக்கையும் விறகும் தந்த உஷ்ணத்தில் ஒரு பங்கு, எவருக்கும் பயனின்றி, அந்தப் புகைபோக்கியின் வழியே கல்வராயன் மலைக்காற்றோடு கலந்து போய்விடுகிறது.

சில மாதங்களுக்கு முன் நான் அறிந்த ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் வாசிக்கப்பட்டது. வீணாகும் புகையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், அதற்கு நீராவியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், கரியமில வாயு ஒன்றே போதும் என்ற கருத்து அதில் அழகாக அச்சிடப்பட்டிருந்தது. விலையில் பாதியை முன்பணமாகச் செலுத்தினால் யந்திரத்தை நிறுவித் தருவதாகவும் கண்டிருந்தது. குழுவினரில் சிலர் இது முழுப் புரட்டு என்றனர். வேறு சிலர், தாமதம் செய்யாமல் தீர்மானம் போட்டுச் சேமநிதியிலிருந்து பணத்தை எடுக்க அனுமதி கேட்கலாம் என்றனர். இரு சாராரும் அவசரப்பட்டார்கள் என்பதே என் எண்ணம். இதன் பின்னேயுள்ள விஞ்ஞானம் மெய். நம் ஆலையின் அளவுக்கு அந்த யந்திரம் இன்றைக்குக் கிடைக்கும் என்பதுதான் மெய்யன்று. அங்கத்தினர்களின் பணம் சம்பந்தப்பட்ட விஷயமாதலின் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கரியமில வாயு நமக்கு அந்நியமான பொருளன்று. சோடாக் கடையில் நிற்கும் இரும்பு உருளை அதைத்தான் அடக்கி வைத்திருக்கிறது. நம் கிடங்குகளில் மின்சாரப் பலகைக்கு அருகே, கறுப்புக் கொம்பு பொருத்தித் தொங்கும் தீயணைப்பு உருளையிலும் இருப்பது அதுவே. மார்கழி மாதக் காலையில் அந்த உருளைக்குள் பார்க்க முடியுமானால், அடியில் திரவமாகவும் மேலே வாயுவாகவும் அது இரண்டு கூறாய்ப் பிரிந்திருப்பதைக் காணலாம். வைகாசி மாதப் பிற்பகலில், தகரக் கூரையின் கீழ், அதே உருளைக்குள் திரவமும் இல்லை, வாயுவும் இல்லை. இரண்டின் குணமும் கலந்த ஒரே பொருளாக அது மாறிவிடுகிறது. 31 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தையும், காற்றுமண்டல அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 73 மடங்கு அழுத்தத்தையும் தாண்டும்போது கரியமில வாயுவுக்கு இந்த நிலை வருகிறது. இந்த எல்லையைப் பாடநூல்கள் மாறுநிலை என்கின்றன. எல்லையைக் கடந்துவிட்ட பொருளை மாறுநிலை கடந்த கரியமில வாயு எனலாம்.

அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரத்து ரசாயன ஆசிரியரான தாமஸ் ஆண்ட்ரூஸ் என்பவர் கண்ணாடிக் குழாய்களில் இவ்வாயுவை அடைத்துப் பல ஆண்டுகள் சோதித்து, 1869ஆம் ஆண்டில் இந்த எல்லையைத் திட்டமாக அளந்து வெளியிட்டார். அந்தக் குளிர் நாட்டில் அவர் குழாயைச் சூடேற்றி எல்லைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நம் ஊரில் வெயிலே அதைச் செய்துவிடுகிறது. இந்த வேற்றுமை பின்னால் நமக்குப் பெரிய தொல்லையாக வந்து நிற்கப்போகிறது. அதை அந்த இடத்தில் சொல்லுகிறேன்.

உஷ்ணத்தைச் சக்தியாக மாற்றும் பெரிய யந்திரங்கள் எல்லாவற்றிலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஏதேனும் ஒரு பொருளை அழுத்துகிறோம், சூடாக்குகிறோம், விரியவிட்டு அதன் வேகத்தால் சக்கரத்தைச் சுழற்றுகிறோம், பிறகு குளிரச் செய்து மறுபடியும் அழுத்துகிறோம். சர்க்கரை ஆலையில் அந்தப் பொருள் தண்ணீர். தண்ணீரை அழுத்துவதற்கு அதிகச் சக்தி செலவாவதில்லை. ஆனால் அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்குவதற்கே பெருமளவு உஷ்ணம் போய்விடுகிறது. மின்சாரம் ஒன்றை மட்டுமே கருதி நடத்தும் நிலையங்களில் அந்த உஷ்ணத்தின் பெரும்பகுதி, ஆவியைத் திரும்பக் குளிர்விக்கும்போது தண்ணீர்த் தொட்டியில் கரைந்து போகிறது. ஆகாய விமான யந்திரத்தில் வேலை செய்யும் பொருள் காற்று. அதைக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை. ஆனால் காற்றை அழுத்துவதற்கே, சக்கரம் தரும் சக்தியில் பாதிக்குமேல் செலவாகிவிடுகிறது. ஏற்றம் இறைப்பவன் இறைத்த நீரில் பாதியைத் தானே குடித்துவிட்டாற் போன்றது இது.

மாறுநிலை கடந்த கரியமில வாயு இவ்விரண்டு குறைகளுக்கும் நடுவே ஒரு வழி காட்டுகிறது. 31 டிகிரிக்குச் சற்று மேலே வைத்து அழுத்தினால் அது திரவத்தைப்போலக் கனமாக இருப்பதால் எளிதில் அழுந்துகிறது. சக்கரம் தரும் சக்தியில் நூற்றுக்கு முப்பது அளவிலேயே அந்த வேலை முடிந்துவிடுகிறது. சூடாக்கும்போதோ, கொதித்தல் என்ற கட்டமே இல்லாமல் வாயுவைப்போல் விரிகிறது. பொருள் கனமாக இருப்பதனால் அதைச் சுழற்றும் சக்கரமும் சிறியதாகப் போதும். 10 மெகாவாட் மின்சாரத்திற்குரிய டர்பைன், சங்கக் காரியதரிசியின் மேஜையளவில் அடங்கிவிடுகிறது. நீராவி டர்பைனாயின் அதற்கு ஒரு கட்டடமே வேண்டும்.

இந்த எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. 1968ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் ஆஞ்சலினோ என்பவரும் அமெரிக்காவில் ஃபெஹர் என்பவரும் இதன் கணக்குகளைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கு முப்பது ஆண்டுகளுக்குமேல் காகிதத்திலேயே கிடந்தது. அழுத்தம் இருநூறு மடங்கைத் தாண்டும் இடத்தில், பெருமளவு உஷ்ணத்தை ஒரு குழாயிலிருந்து மற்றொரு குழாய்க்கு மாற்றித் தரும் கருவி அப்போது வசதியாகக் கிடைக்கவில்லை. பிற்பாடு, உலோகத் தகடுகளில் ஓரிரு மில்லிமீட்டர் அகலமுள்ள நுண்ணிய கால்களைச் செதுக்கி, தகடுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டவைக்கும் முறை வந்தது. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வெளிவந்த தோஸ்தால் என்பவரின் ஆராய்ச்சி பழைய கணக்கை மீண்டும் உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அதன்பின் ஓஹையோ மாநிலத்தின் எக்கோஜென் என்ற நிறுவனம், பிற யந்திரங்கள் கழிக்கும் உஷ்ணத்தைக்கொண்டு ஏழு எட்டு மெகாவாட் தரத்தக்க யந்திரம் ஒன்றை அமைத்துச் சோதித்தது. டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோ நகரில் அரசாங்க உதவியுடன் எழுந்த 10 மெகாவாட் சோதனை நிலையம் 2024ஆம் ஆண்டில் 500 டிகிரி உஷ்ணத்தில் ஓடி, நிமிஷத்துக்கு 27,000 சுற்று வேகத்தில் 4 மெகாவாட் மின்சாரம் தந்தது.

நம் நாட்டிலும் இது நடவாமலில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், மாறுநிலை கடந்த கரியமில வாயுவைச் சுழலவிட்டுச் சோதிக்கும் ஆய்வு அமைப்பு 2017ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. பேராசிரியர் பிரதீப் தத்தா, பேராசிரியர் பிரமோத் குமார் முதலியோர் அங்கு இத்துறையில் உழைத்து வந்திருக்கிறார்கள். சூரிய வெப்பத்தைக் கண்ணாடிகளால் குவித்து, அந்த உஷ்ணத்தை இவ்வாயுவின் மூலம் மின்சாரமாக்குவது அவர்களது முதல் நோக்கம். இந்திய அமெரிக்கக் கூட்டு ஆராய்ச்சித் திட்டம் ஒன்றின் கீழ் இது தொடங்கிற்று. கள்ளக்குறிச்சியிலிருந்து ஓர் இரவுப் பிரயாணத் தொலைவில் இத்தகைய வேலை நடக்கிறது என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருக்கவேண்டும். ஆயினும் அது ஆராய்ச்சிச்சாலை என்பதையும், அங்கே யந்திரம் விற்கப்படுவதில்லை என்பதையும் பெரியவர்கள் மறந்துவிடக் கூடாது.

இனி, முன்பு சொல்லிய தொல்லைக்கு வருவோம். இந்த யந்திரத்தின் முழு லாபமும், வாயுவை 31 டிகிரிக்கு மிக அருகே குளிர்வித்து அழுத்துவதில்தான் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் கோடையில் நிழலிலேயே 38, 40 டிகிரி உஷ்ணம் இருக்கிறது. காற்றைக்கொண்டு குளிர்வித்தால் எந்தப் பொருளும் காற்றின் உஷ்ணத்தைவிடச் சில டிகிரி மேலேதான் நிற்கும். ஆகவே வாயு 45 டிகிரிக்கு மேலேயே அழுத்தும் சக்கரத்துக்குள் நுழைகிறது. 80 மடங்கு அழுத்தத்தில், 32 டிகிரியில் ஒரு கன மீட்டர் கரியமில வாயு அறுநூறு கிலோவுக்குக் குறையாத எடையுள்ளது. அதே அழுத்தத்தில் 45 டிகிரியில் அதன் எடை 250 கிலோகூட இல்லை. திரவம்போலக் கனமாக இருந்தது மறுபடியும் வெறும் வாயுவாகி, அழுத்துவதற்குப் பெருஞ் சக்தியைக் கேட்கிறது. அழுத்தத்தை நூறு மடங்குக்கு மேல் ஏற்றி வைத்து இந்த நஷ்டத்தில் ஒரு பகுதியை மீட்கலாம். முழுவதையும் மீட்க முடியாது. ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசத்திலோ எழுதப்பட்ட லாபக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பெயர்த்துக்கொள்ள முடியாதென்பதற்கு இதுவே காரணம்.

தண்ணீரைக் கொண்டு குளிர்விக்கலாமே என்று கேட்கலாம். கேட்கலாம். ஆவியாகும் தண்ணீர் கோடையிலும் 32 டிகிரிக்கு அருகே கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் அப்போது, தண்ணீரே வேண்டாம் என்ற பிரசுரத்தின் வாக்கு என்னவாயிற்று? கோமுகி அணையிலும் மணிமுக்தா அணையிலும் வைகாசி மாதத்தில் எவ்வளவு நீர் இருக்கிறதென்று கரும்பு போட்டவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

மலைமேல் நிலைமை வேறு. சின்னக் கல்வராயன் பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,700 அடி உயரம். அந்த உயரத்தில் சமவெளியைவிட ஐந்து டிகிரி அளவுக்கு உஷ்ணம் குறைவு. பெரிய கல்வராயன் அதனினும் உயரம், அதனினும் குளிர்ச்சி. கரியமில வாயு யந்திரத்துக்கு மலைக்காற்றே ஏற்றது. ஆனால் வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ இரவு பகல் எரியும் பாய்லர் எங்கே இருக்கிறது? உஷ்ணம் கீழே இருக்கிறது. குளிர்ச்சி மேலே இருக்கிறது. இரண்டையும் ஓரிடத்தில் சேர்க்க எந்தச் சங்கத்தாலும் முடியாது.

அளவைப் பற்றிய தடை ஒன்றும் உண்டு. இது வெயிலைவிடக் கடினமானது. வாயு கனமாக இருப்பதால் சக்கரம் சிறியதாகிறது என்றேன். 10 மெகாவாட்டுக்கு இது பெரும் நன்மை. 10 கிலோவாட்டுக்கோ இதுவே பகையாகிறது. அந்த அளவில் சக்கரம் நாணயத்தளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவின் சாண்டியா ஆராய்ச்சிச்சாலையில் 125 கிலோவாட் சக்கரத்தையே நிமிஷத்துக்கு 75,000 சுற்றுக்கு வடிவமைக்க வேண்டியிருந்தது. அதனினும் சிறியது அதனினும் வேகமாகச் சுழல வேண்டும். சக்கரத்துக்கும் அதன் கூட்டுக்கும் இடையே மயிரிழை அளவே இடைவெளி. பெரிய யந்திரத்தில் அந்த இடைவெளி வழியே நூற்றில் ஒரு பங்கு வாயு கசிந்தால் கவலையில்லை. சிறிய யந்திரத்தில் அதே இடைவெளி சக்தியின் பெரும் பங்கை விழுங்கிவிடும். கொரிய நாட்டு எரிசக்தி ஆராய்ச்சி நிறுவனம் 10 கிலோவாட் வகையில் சோதனை அமைப்புகளைக் கட்டிப் பார்த்திருக்கிறது. இத்தகைய சோதனைகள் தந்த அறிவு பெரிது. தந்த மின்சாரம் சிறிது. சோதனைச்சாலையில் விஞ்ஞானிகள் சுற்றி நின்று ஓட்டும் யந்திரத்தை, பஞ்சுத் தூசியும் உமித் தூசியும் பறக்கும் இடத்தில், நம் ஊர் மெக்கானிக்கை நம்பி ஓட்டுவது வேறு காரியம்.

அழுத்தத்தையும் நினைக்க வேண்டும். சமையல் வாயு உருளையில் இருப்பது ஏழு எட்டு மடங்கு அழுத்தம். நவீன சர்க்கரை ஆலையின் பெரிய பாய்லரிலும் நூற்றுப் பத்து மடங்குக்குமேல் போவது அரிது. இங்கே இருநூறு, இருநூற்றைம்பது மடங்கு. கசிந்தால் கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமாதலால் தரையோடு படிந்து, பள்ளமான அறைகளில் தேங்கும். அதற்கு மணமும் இல்லை. பாழுங்கிணற்றில் இறங்கியவர் மூச்சடைத்து விழுவதை நம் கிராமங்கள் அறியும்.

இத்தனையும் கேட்டபின், அந்த யந்திரம் நாளைக்கே நல்ல நிலையில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நமக்கு எவ்வளவு மின்சாரம் வரும்? மணிக்கு ஒரு டன் நீராவி தரும் பாய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்; நெல் அவிக்கும் ஆலையில் இது சாதாரண அளவு. இது மணிக்கு 250 முதல் 300 கிலோ உமி எரிக்கும். உமி தரும் உஷ்ணம் ஏறக்குறைய 1,000 கிலோவாட். அதில் 700 கிலோவாட்டுக்குச் சற்று மேலே நீராவிக்குப் போகிறது. புகை 250 டிகிரியில் வெளியேறுமானால் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து பங்கு அதனோடு போய்விடும். இதையும் முழுவதும் பிடித்துக்கொள்ள முடியாது. புகையை 150 டிகிரிக்குக் கீழே இறக்கினால் நீர் படிந்து தகடுகள் அரிக்கப்படும் அபாயம் நெருங்குகிறது, இழுவையும் குறையும். ஆகவே நாம் உண்மையில் எடுக்கத்தக்கது சுமார் 60 கிலோவாட் உஷ்ணம்.

உஷ்ணம் முழுவதையும் மின்சாரமாக்க எந்த யந்திரத்தாலும் முடியாது. இது யந்திரம் செய்பவனின் குறையன்று, இயற்கையின் விதி. 200 டிகிரி உஷ்ணத்தில் எடுத்து 45 டிகிரியில் கழிப்பதாயின், குறையே இல்லாத கற்பனை யந்திரமும் நூற்றுக்கு 33 பங்குதான் தரும். மெய்யான சிறு யந்திரம் பத்துப் பங்கு தந்தால் அதற்கு மாலை போடலாம். 60 கிலோவாட்டில் பத்துப் பங்கு 6 கிலோவாட். குதிரைச் சக்தியில் சொன்னால் எட்டு. ஒரு குதிரைச் சக்தி மோட்டார் பூட்டிய விசைத்தறிகள் எட்டு ஓடும். அவ்வளவுதான். சேமநிதியிலிருந்து லட்சக்கணக்கில் எடுத்துப் போட்ட பணம் எட்டுத் தறி ஓட்டும்!

இதே 60 கிலோவாட்டை மின்சாரமாக்க முயலாமல் உஷ்ணமாகவே பயன்படுத்தினால் என்ன ஆகும்? பாய்லருக்குள் போகும் தண்ணீரைப் புகைப்பாதையில் வைத்த குழாய்களின் வழியே செலுத்தினால், மணிக்கு 1,000 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாகிவிடும். ஆறு டிகிரி சூடேறினால் நூற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள் மிச்சம் என்பது பாய்லர்காரர்கள் அனுபவத்தில் கண்ட கணக்கு. ஐம்பது டிகிரிக்கு எட்டுப் பங்கு. அதாவது மணிக்கு இருபது கிலோவுக்குமேல் உமி. பத்து மணி நேரத்துக்கு இருநூறு கிலோவுக்குக் குறையாது. உங்கள் ஊரில் உமி என்ன விலையோ, மின்சாரம் யூனிட் என்ன விலையோ, அவற்றைப் போட்டு இரண்டு கணக்கையும் ஒத்துப் பாருங்கள். பத்து மணி நேரத்தில் மின்சாரம் 60 யூனிட். உமி 200 கிலோ. குழாய் அமைப்பை நம் பக்கத்துப் பட்டறைகளே செய்யும். அழுத்தம் தாங்கும் பகுதியாதலால் பாய்லர் இன்ஸ்பெக்டரின் அனுமதி மட்டும் வேண்டும்.

நெசவாளர் சங்கங்களின் சாயப் பட்டறைகளுக்கு வெந்நீரே பிரதானம். அவற்றுக்கும் இந்த வழி அப்படியே பொருந்தும். சாயத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு செய்தி. இதே மாறுநிலை கடந்த கரியமில வாயுவைத் தண்ணீருக்குப் பதிலாக வைத்து, ஒரு சொட்டுக் கழிவுநீரும் இல்லாமல் துணிக்குச் சாயமேற்றும் யந்திரங்களை ஹாலந்து தேசத்தில் டைகூ என்ற நிறுவனம் செய்து விற்றிருக்கிறது. பாலியெஸ்டர் நூலுக்கு அது நன்றாகப் பிடிக்கிறது. பருத்திக்கு இன்னும் அவ்வாறு பிடிப்பதில்லை. கைத்தறிப் பருத்திக்கும் அது பிடிக்கும் நாள் வந்தால், மின்சார யந்திரத்தைவிட அந்த யந்திரமே நம் நெசவாளர்களுக்கு அதிகப் பயனுள்ளதாயிருக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

மலையில் மரவள்ளி பயிரிடும் அங்கத்தினர்களுக்கு இந்த உஷ்ணம் இன்னும் அருமையானது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்குமேல் தாங்காது. இதை வியாபாரியும் அறிவான். ஆகையால் மலையிலிருந்து லாரி இறங்கியபின் விலை பேசுவதில் அவன் கை ஓங்கியிருக்கும். கிழங்கைச் சில்லாக நறுக்கி உலர்த்திவிட்டால் விலை வரும்வரை காத்திருக்கலாம். பாறையில் காயவைத்தால் மழை வந்து கெடுக்கிறது. புகையைத் தொடாமல், அதன் உஷ்ணத்தை மட்டும் தகடுகள் மூலமாகச் சுத்தமான காற்றுக்கு மாற்றி, அந்தக் காற்றை உலர்த்தும் அறைக்குள் செலுத்தினால், 60 கிலோவாட் உஷ்ணம் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோ ஈரத்தைப் போக்கும். ஒரு டன் கிழங்கை உலர்ந்த சில்லாக்க 600 கிலோ ஈரம் போகவேண்டும். பன்னிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மலையடிவாரத்து ஆலை ஒன்றும் மலைவாழ் மக்களின் லாம்ப் சங்கமும் சேர்ந்து ஓர் உலர்த்தும் அறை கட்டுவது, எட்டுத் தறி ஓட்டும் யந்திரத்தைக் காட்டிலும் யோசிக்கத்தக்க விஷயம்.

அப்படியானால் சர்க்கரை ஆலைக்கு இந்த யந்திரம் உதவாதா? அங்கே அளவு பெரிது என்பது உண்மை. நூறு டன் கரும்பு பிழிந்தால் முப்பது டன் அளவுக்குச் சக்கை கிடைக்கிறது. அதில் பாதி ஈரமாயினும் ஆலை முழுவதையும் ஓட்ட அது போதும். ஆனால் அங்கே நீராவி ஏற்கெனவே இரண்டு வேலை செய்கிறது. உயர்ந்த அழுத்தத்தில் வந்து டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது; அழுத்தம் தணிந்த பிறகு அதே நீராவி கரும்புச்சாற்றைக் காய்ச்சுகிறது. வீணாகும் என்று நாம் குறை கூறிய உஷ்ணம் அங்கே சர்க்கரையாகிறது. சாற்றுக்கு நீராவி எப்படியும் வேண்டுமாதலால், அதை நீக்கிவிட்டுக் கரியமில வாயுவைக் கொண்டுவருவதில் அரவைக் காலத்தில் லாபமில்லை. புகைபோக்கி உஷ்ணத்தை மட்டும் கருதினால், இருநூறு டிகிரிக்கும் குறைந்த உஷ்ணத்தில் கரியமில வாயு யந்திரம் தன் சிறப்பைக் காட்டுவதில்லை. அது ஐந்நூறு டிகிரிக்கு மேலே பிரகாசிக்கும் யந்திரம். சிமென்ட் சூளை, இரும்பு உலை, சூரிய வெப்பக் கண்ணாடி நிலையம் ஆகியவையே அதற்கு உரிய இடங்கள்.

பிரசுரம் அனுப்பியவருக்கு அந்தச் சங்கத்தின் காரியதரிசி, குழுவின் அனுமதியுடன், ஒரு கடிதம் எழுதினார். யந்திரத்துக்குள் நுழையும் புகை எத்தனை டிகிரி இருக்கவேண்டும், வெளிக்காற்று 40 டிகிரியாக இருக்கும்போது மின்சாரம் எவ்வளவு, அதில் யந்திரத்தின் சொந்த விசிறிக்கும் அழுத்திக்கும் போக மிச்சம் எவ்வளவு, இதே அளவு யந்திரம் வேறெங்கே எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, அதை நம் அங்கத்தினர் இருவர் போய்ப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். முன்பணம் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நான் இதை எழுதும்வரை பதில் வந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கடிதத்தைத் தயாரிப்பதற்காகப் புகையின் உஷ்ணத்தை அளக்கவேண்டியிருந்தது. அதுவரை அந்தப் பாய்லரில் எவரும் அதை அளந்ததில்லை. வெப்பமானி ஒன்றை வாங்கிப் புகைப்பாதையில் பொருத்தி, பாய்லர்காரர் மணிக்கொருமுறை நோட்டில் குறித்து வந்தார். முதல் வாரத்தில் 260, 270 டிகிரி காட்டிற்று. வாரக் கடைசியில் 280ஐத் தாண்டியது. குழாய்களில் கரி படியப் படிய உஷ்ணம் தண்ணீருக்குச் சேராமல் புகையோடு போகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய்லரை ஆறவிட்டு, கம்பித் தூரிகையால் குழாய்களைத் தேய்த்துச் சுத்தம் செய்தார்கள். திங்கட்கிழமை 220 டிகிரி. இருபத்திரண்டு டிகிரி குறைந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள் மிச்சம் என்ற கணக்குப்படி, அறுபது டிகிரிக்கு ஏறக்குறைய மூன்று பங்கு உமி. இப்போது வாரந்தோறும் தூரிகை போடுகிறார்கள். நோட்டு பாய்லர் அறையில் ஆணியில் தொங்குகிறது. பார்க்க விரும்பும் அங்கத்தினர்களுக்குக் காரியதரிசி காட்டுகிறார்.